பவுத்திர அறுவைக்கு முன் ஆசனவாய் அல்ட்ராசவுண்ட்: எதைக் காட்டும், எங்கே ஏமாற்றும்

கேள்வி இதுதான்: பவுத்திரம், அதாவது ஆசனவாய்க்குள்ளிருந்து அருகிலுள்ள தோல் வரை உருவாகும் சீழ்ப்பாதை, என்று உறுதியாகிவிட்டது, அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. ஒரு மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஆசனவாய் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் போதும் என்கிறார். மூன்றாமவர், விரலால் தொட்டாலே தெரிகிறது, ஸ்கேன் எதற்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பவுத்திரத்தின் வகையைப் பொறுத்து மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் இந்த ஸ்கேன் எதற்காக எடுக்கப்படுகிறது என்பது விளங்காவிட்டால் அந்த வகையைப் பிரிக்க முடியாது. 'பவுத்திரம் இருக்கிறதா' என்று பார்க்க யாரும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. சீழ் கசியும் துளை தோலில் கண்ணுக்கே தெரிகிறது. சர்ஜனுக்குத் தெரிய வேண்டியவை வேறு. உள்வாய், அதாவது பாதை ஆசனவாய்க் குழாய்க்குள் திறக்கும் இடம், எங்கே இருக்கிறது? மலத்தை அடக்கும் சுருக்குத்தசையைப் பாதை எந்த உயரத்தில் கடக்கிறது? கிளைகள் உண்டா? எங்காவது சீழ் தேங்கி நிற்கிறதா? தசை ஏற்கெனவே சேதப்பட்டிருக்கிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லாத ரிப்போர்ட், எத்தனை பக்கம் இருந்தாலும், அறுவை மேசையில் உதவாது.

நோய் எப்படித் தொடங்குகிறது என்பதிலிருந்தே இந்தக் கேள்விகள் வருகின்றன. ஆசனவாய்க் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ நீளம். விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ உள்ளே சிறு சுரப்பிகளின் வாய்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. அந்தச் சுரப்பிகள் உள் சுருக்குத்தசைக்கும் வெளிச் சுருக்குத்தசைக்கும் இடைப்பட்ட இடுக்கு வரை போகும். ஒன்று அடைபட்டுச் சீழ் பிடித்தால், சீழ் அந்த இடுக்கில் சேர்ந்து, எளிதாக விட்டுக்கொடுக்கும் பக்கமாக வழி தேடும். நேரே கீழிறங்கித் தோலுக்கு வந்தால் எளிய வகை. வெளிச் சுருக்குத்தசையைத் துளைத்துப் பக்கவாட்டுக் கொழுப்புக்குள் போய்த் தோலுக்கு வந்தால் அடுத்த வகை. தசை முழுவதற்கும் மேலே ஏறி வளைந்து இறங்குவது மூன்றாவது. தசைகளோடு தொடர்பே இல்லாமல் மலக்குடலிலிருந்து நேராக வருவது நான்காவது, அரிது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 400 நோயாளிகளை வைத்து 1976 இல் வகுத்த இந்தப் பகுப்புதான் இன்றும் எல்லோரும் பேசும் மொழி. அதே மருத்துவமனையிலிருந்துதான் 1989 இல், பவுத்திரத்துக்கு ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தலாம் என்ற ஆரம்பகால ஆய்வும் வந்தது.

அறுவைக்குப் பிறகு பவுத்திரம் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, உள்வாயைத் தவறவிட்டது. இன்னொன்று, ஒரு கிளையையோ சீழ்ப்பையையோ விட்டுவைத்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் மருந்து பூசிய நூலைப் பாதைக்குள் கோத்துச் செய்யும் காரநூல் சிகிச்சைக்கும் இதே விதிதான். நூல் உண்மையான உள்வாய் வழியாகப் போக வேண்டும். பாதைக்குள் விடும் மெல்லிய கம்பியான சலாகையை அழுத்திப் புதிதாக ஒரு துளை போட்டு அதில் நூலைக் கோத்தால், பழைய உள்வாய் அப்படியே இருக்கும், புதிய பாதை ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

இனி பரிசோதனைக்கு வருவோம். விரல் பருமனுக்குச் சற்று மேலாக, ஏறக்குறைய 1.7 செ.மீ விட்டமுள்ள ஒரு புரோப். உள்ளே சுழலும் படிகம் 360 பாகையும் சுற்றிப் படம் எடுக்கும். அதிர்வெண் பழைய கருவிகளில் 7 முதல் 10 மெகாஹெர்ட்ஸ், புதியவற்றில் 16 வரை போகும். முப்பரிமாணக் கருவியில் புரோப்பை அசைக்காமல் வைத்தால் போதும், உள்ளிருக்கும் படிகமே 60 மி.மீ தூரத்தை 0.2 மி.மீ இடைவெளிகளில் ஒரு நிமிடத்துக்குள் படமெடுத்து ஒரு கனசதுரமாகச் சேமித்துவிடும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கனசதுரத்தை எந்தத் தளத்திலும் வெட்டிப் பார்க்கலாம். முப்பரிமாணத்தின் உண்மையான பயன் இதுதான்: குறுக்குவெட்டில் மட்டும் பார்த்தால் உயரத்தை ஊகிக்கத்தான் முடியும், நெடுக்குவெட்டில் அளக்கவே முடியும்.

தயாரிப்பு அதிகமில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் சிறிய எனிமா போதும், பட்டினி தேவையில்லை, மயக்கமும் தேவையில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தோ, கால்களை உயர்த்தி மல்லாந்தோ செய்வார்கள். முதலில் வெளிவாயை, அதாவது தோலில் உள்ள துளையைப் பார்த்து, விரலால் தடவி, கயிறு போல் தட்டுப்படும் பாதையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் நேரே புரோப்பை நுழைப்பவர் பாதிச் செய்தியை இழக்கிறார். பிறகு புரோப்பின் மேல் ஜெல் நிரப்பிய ஆணுறையை மாட்டுகிறார்கள். இதில் இரண்டு கவனம்: நோயாளிக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும், உறைக்குள் காற்றுக்குமிழி தங்கக் கூடாது. ஒரு சிறு குமிழி இருந்தாலும் படத்தில் மையத்திலிருந்து ஓரம் வரை கறுப்புக் கீற்று விழும், அந்தக் கீற்றுக்குள் உள்வாய் இருந்தால் தெரியவே தெரியாது. எல்லாம் சேர்த்து 10 முதல் 15 நிமிடம். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் நாள் குறிக்கும்போதே கேளுங்கள். கூச்சத்தால் தள்ளிப்போட்டு, ஒரு பாதை மூன்றாகக் கிளைத்த பின் வருபவர்கள் பலர்.

புரோப்பை மேலே செலுத்திவிட்டு மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே வருவதுதான் முறை. முதலில் வருவது மேல் மட்டம்: பின்பக்கம் வெளிர்நிறத்தில் கவட்டை போல் தெரியும் பியூபோரெக்டாலிஸ் தசை. அடுத்து நடு மட்டம்: உள் சுருக்குத்தசை அடர் கறுப்பு வளையமாக, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ தடிமனில், அதைச் சுற்றி வெளிச் சுருக்குத்தசை வெளிர்நிறத்தில் முழு வளையமாகத் தெரியும். கடைசியில் கீழ் மட்டம்: கறுப்பு வளையம் மறைந்து வெளித்தசை மட்டும் மிஞ்சும். பவுத்திரப் பாதை கறுப்புப் பட்டையாகத் தெரியும், உள்ளே காற்று இருந்தால் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். அந்தப் பட்டை எந்த மட்டத்தில் வெளித்தசையைக் கடக்கிறது என்பதுதான் முழுப் பரிசோதனையின் கரு.

உள்வாயை நேரடியாகக் காண்பது கடினம். சுரப்பி வாய்கள் அமைந்த கோடு அல்ட்ராசவுண்டில் தெரியாது, மேற்தோலின் ஓட்டையும் பல நேரம் தெரியாது. எனவே மறைமுக அடையாளங்களைத் தேட வேண்டும்: இரு தசைகளுக்கும் இடையே ஓடும் பாதை ஓரிடத்தில் வேர் விடுவதுபோல் துருத்தி உள்தசையை முட்டுவது, அதே இடத்தில் உள்தசையின் கறுப்பு வளையம் அறுந்திருப்பது, அந்த அறுபட்ட இடத்தின் வழியாகச் சளிப்படலத்துக்கு அடியில் கறுப்புப் பகுதி நீள்வது. இந்த அடையாளங்களை வரிசைப்படுத்தித் தந்தவர் சோ என்ற ஆய்வாளர், 1999 இல். மூன்றில் ஒன்றாவது தெளிவாக இருக்க வேண்டும். 'பாதை இந்தத் திசையில் போகிறது, ஆகவே உள்வாய் இங்கேதான் இருக்கும்' என்று ஊகித்து எழுதுவது ஸ்கேன் ஆகாது. குட்சால் விதி என்ற பழைய கணிப்பு உண்டு: வெளிவாய் பின்பாதியில் இருந்தால் பாதை வளைந்து 6 மணியில் (கடிகார முகப்பைப் போல் எண்ணினால் பின்பக்க நடுவில்) திறக்கும், முன்பாதியில் இருந்தால் நேராக அருகிலேயே திறக்கும் என்பது. பின்பாதிக்கு அது ஓரளவு பொருந்தும். முன்பாதிக்கு நம்பி இறங்கக் கூடாது.

பாதை தெளிவாக இல்லாதபோது ஹைட்ரஜன் பெராக்சைடு கைகொடுக்கிறது. 1993 இல் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து வந்த முறை இது. வெளிவாய் வழியாக, ஊசி உருவிய 18 அல்லது 20 கேஜ் கேனுலாவின் மென்குழாயை மெல்ல நுழைத்து, 3% பெராக்சைடு 1 முதல் 2 மி.லி மட்டும் மெதுவாகச் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் குமிழிகள் பாதை நெடுக நிரம்பி, கறுப்பாக இருந்த பட்டை சட்டென்று பளிச்சென வெள்ளையாகும். பழைய தழும்பும் கறுப்பாகவே இருக்கும், ஆனால் அதற்குள் குமிழி போகாது. ஆகவே மறுமுறை வந்த பவுத்திரங்களில் எது உயிருள்ள பாதை, எது ஆறிய வடு என்று பிரிக்க இதுவே நல்ல வழி.

அளவில்தான் தவறு நடக்கிறது. நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது சுமார் 6%. சம அளவு நார்மல் சலைன் கலந்தால்தான் 3% ஆகும். 3% கரைசலின் 1 மி.லி ஏறக்குறைய 10 மி.லி ஆக்சிஜனை வெளிவிடும். கரைசலைச் செறிவாகவோ அதிகமாகவோ ஏற்றினால், நோயாளிக்கு எரிச்சலும் வலியும். வாயு ஆசனவாய்க் குழாய்க்குள் பீறிட்டுப் படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். வாயுவுக்குப் பின்னால் நிழல் விழுந்து ஆழத்துக் கிளைகள் மறையும். வெளியேற வழியில்லாத மூடிய பொந்துக்குள் அழுத்தமாக ஏற்றுவது இன்னும் ஆபத்து, வாயு ரத்தக்குழாய்க்குள் புகும் சாத்தியம் உண்டு. எதிர்ப்பு தட்டினால் நிறுத்திவிட வேண்டும், தள்ளக் கூடாது. முதலில் பெராக்சைடு இல்லாமல் ஒரு முழுப் பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் செலுத்த வேண்டும். குமிழி பரவிய பிறகு பழைய நிலையைப் பார்க்க அன்றைக்கு வழியில்லை.

இப்போது, தசையை எவ்வளவு வெட்டலாம் என்ற அளவு. பாதையைத் திறந்துவிடும் அறுவை, அதாவது ஃபிஸ்டுலாட்டமி, குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ளது. ஆனால் பாதைக்குக் கீழே இருக்கும் தசை முழுவதும் வெட்டுப்படும். வெளித்தசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் எல்லை. ஆணின் பின்பக்கத்தில் வெளித்தசை 30 மி.மீ நீளம் என்று வைத்துக்கொள்வோம். பாதை கீழ் ஓரத்திலிருந்து 8 மி.மீ உயரத்தில் கடந்தால் வெட்டுப்படுவது சுமார் 27%, திறக்கலாம். அதே 8 மி.மீ ஒரு பெண்ணின் முன்பக்கத்தில் என்றால் கதை வேறு. அங்கே வெளித்தசை இயல்பிலேயே குட்டை, 15 மி.மீ நீளம்தான் என்றால் பாதிக்கு மேல் போய்விடும், பிறகு மலத்தை அடக்க முடியாத நிலை வரும். ஆகவே 'தாழ்ந்த பவுத்திரம்' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை ஏற்கக் கூடாது. எந்த மணியில், எத்தனை மி.மீ நீளத் தசையில், எத்தனை மி.மீ உயரத்தில் என்று எண்ணில் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் பாதைக்குள் கோத்து விடும் சீட்டன் நூல், இரு தசைகளுக்கிடையே பாதையைக் கட்டி அறுக்கும் லிஃப்ட், உள்வாயைச் சளிப்படலத் திரையால் மூடுவது என்று தசையைக் காக்கும் முறைகளுக்குப் போவார்கள்.

அதே அமர்வில் தசையின் நலத்தையும் பார்த்துவிட வேண்டும். ஆயுதப் பிரசவமோ, பிரசவத்தில் கிழிசலோ நடந்த பெண்களுக்கு முன்பக்கம் வெளித்தசையில் வெளியே தெரியாத இடைவெளி இருக்கலாம். முன்பு ஆசனவாய் வெடிப்புக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு உள்தசை ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும். இவர்களுக்குத் தசையில் இருப்புத்தொகை குறைவு, மூன்றில் ஒரு பங்கு என்ற எல்லையே இவர்களுக்குப் பெரிது. தசையின் கிழிசலை அல்ட்ராசவுண்ட் அளவுக்கு எளிதாகவும் மலிவாகவும் காட்டும் வேறு கருவி இல்லை.

ஏமாற்றும் இடங்களைத் தெரிந்தவர்தான் நல்ல ஸ்கேன் மருத்துவர். 6 மணியில், ஆசனவாயையும் வால் எலும்பையும் இணைக்கும் நார்ப்பட்டை கறுப்பு முக்கோணமாகத் தெரியும். பழக்கமில்லாதவர் அதைச் சீழ் என்று எழுதிவிடுவார். பெண்களுக்கு முன்பக்கம் மேல் மட்டத்தில் வெளித்தசை வளையம் இயல்பாகவே திறந்திருக்கும். அதைக் கிழிசல் என்று எழுதுவதும் நடக்கிறது. புரோப்பைச் சாய்த்துப் பிடித்தால் உள்தசை ஒரு பக்கம் தடித்ததாகத் தோன்றும். அழுத்திப் பிடித்தால் மெல்லிய பாதை நசுங்கிக் காணாமல் போகும். மணிக் கணக்கிலும் குழப்பம் வரும்: 12 என்பது எப்போதும் உடலின் முன்பக்கம், 6 பின்பக்கம், 3 நோயாளியின் இடது, 9 வலது. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் இது மாறாது. பார்ப்பவரின் கண்ணுக்கு மேலே இருப்பதை 12 என்று எழுதிவிட்டால், சர்ஜன் எதிர்ப் பக்கத்தில் தேடுவார். ரிப்போர்ட்டில் படுத்திருந்த நிலையையும் 'முன், பின், இடது, வலது' என்ற சொற்களையும் சேர்த்து எழுதுவது இந்தத் தவறைத் தடுக்கும்.

எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டால்? 2004 இல் வெளியான செயின்ட் மார்க்ஸ் ஆய்வில், 104 நோயாளிகளில், முதன்மைப் பாதையின் வகையைச் சரியாகச் சொன்னது விரல் பரிசோதனை 61%, ஆசனவாய் அல்ட்ராசவுண்ட் 81%, எம்ஆர்ஐ 90%. உள்வாயைச் சொல்வதில் அல்ட்ராசவுண்ட் 91%, எம்ஆர்ஐ 97%. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 ஆய்வு, பவுத்திரத்தைக் கண்டுபிடிக்கும் திறனில் இரண்டும் 87% என்று சமமாக வைத்தது. இல்லாததை இல்லை என்று சொல்வதில் அல்ட்ராசவுண்ட் 43%, எம்ஆர்ஐ 69%. அதாவது அல்ட்ராசவுண்ட் தவறவிடுவதைவிட, இல்லாததை இருப்பதாகச் சொல்வதே அதிகம். தழும்பும் நிழலும்தான் அதற்குக் காரணம்.

அல்ட்ராசவுண்டின் அடிப்படைக் குறை ஆழம். அதிர்வெண் கூடக்கூட அருகில் இருப்பது துல்லியமாகும், தூரத்தில் இருப்பது மங்கும். புரோப்பிலிருந்து 3 செ.மீ தாண்டினால் நம்பிக்கை குறைய வேண்டும். பக்கவாட்டுக் கொழுப்பில் தூரம் போன கிளை, இடுப்புத்தளத் தசைக்கு மேலே ஏறிய சீழ், இரு பக்கமும் குதிரை லாடமாகச் சுற்றிய பாதையின் நுனிகள், இவற்றுக்கு எம்ஆர்ஐதான். ஏற்கெனவே அறுவை செய்து திரும்ப வந்தது, வெளிவாய் ஒன்றுக்கு மேற்பட்டது, வெளிவாய் ஆசனவாயிலிருந்து தூரத்தில் இருப்பது, குரோன் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்கள்: இவர்களுக்கு எம்ஆர்ஐ இல்லாமல் கத்தி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2002 இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், திரும்ப வந்த பவுத்திரங்களில், எம்ஆர்ஐ சொன்னபடி எப்போதும் நடந்த சர்ஜன்களிடம் மறுபடி வந்தது 16%. எப்போதும் பொருட்படுத்தாதவர்களிடம் 57%. மாறாக, முதன்முறை வந்த, ஒரே வெளிவாய் உள்ள, விளிம்புக்கு அருகில் இருக்கும் பவுத்திரத்துக்கு, அனுபவமுள்ளவர் செய்யும் முப்பரிமாண அல்ட்ராசவுண்ட் தாராளமாகப் போதும். பேஸ்மேக்கர் போன்றவற்றால் எம்ஆர்ஐக்குள் போக முடியாதவர்களுக்கும் இதுவே வழி. சிக்கலான நோயில் இரண்டும் சேர்ந்து தருவது தனித்தனியாகத் தருவதைவிட அதிகம்.

ஆசனவாய் புரோப் இல்லாத ஊரில் இருப்பவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். எந்த ஸ்கேன் சென்டரிலும் இருக்கும் சாதாரணப் புரோப்புகளை வெளியே, தோலின் மேல் வைத்துப் பார்க்கும் முறை உண்டு: தோலுக்கு அருகில் உள்ள பாதைக்கு 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோப், ஆழத்துக்கு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைபுரோப். வெளிவாயில் தொடங்கி, பாதையை விடாமல் பின்தொடர்ந்து உள்ளே போக வேண்டும். மெல்ல அழுத்தினால் சீழ் நகர்வது தெரியும். கலர் டாப்ளரில் உயிருள்ள பாதையைச் சுற்றி ரத்த ஓட்டம் கூடியிருக்கும். கடும் வலி, ஆசனவாய்ச் சுருக்கம், வெடிப்பு உள்ளவர்களுக்கு உள்ளே எதையும் நுழைக்காத இந்த முறையே உகந்தது. தசையைக் கடக்கும் உயரத்தை அளப்பதில் மட்டும் உள்வழிப் புரோப்புக்கு இது ஈடாகாது.

வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு வருபவருக்கு ஸ்கேன் முதல் வேலையே அல்ல. சீழை வெளியேற்ற வேண்டும். தேவையென்றால் மயக்கத்தில் இருக்கும்போதே புரோப்பை வைத்துப் பார்க்கலாம். பல வாய்கள், ஆறாத புண், எடை குறைதல் இருந்தால் காசநோயை நினைக்க வேண்டும். அதை எந்த ஸ்கேனும் சொல்லாது. பாதையிலிருந்து எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இந்த மாதிரி ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்: 'உள்வாய் 6 மணியில், பின்பக்க நடுவில், நடு மட்டத்தில். பாதை வெளிச் சுருக்குத்தசையைக் கடக்கும் உயரம் 8 மி.மீ, அவ்விடத்தில் தசையின் மொத்த நீளம் 30 மி.மீ. வெளிவாய் 7 மணியில், விளிம்பிலிருந்து 25 மி.மீ தொலைவில். 8 மணி நோக்கி 15 மி.மீ நீளக் கிளை ஒன்று. சீழ்த்தேக்கம் இல்லை. இடுப்புத்தளத் தசைக்கு மேல் நீட்சி தெரியவில்லை. இரு சுருக்குத்தசைகளும் முழுமையாக உள்ளன.' இதில் எது விடுபட்டிருந்தாலும் ஸ்கேன் செய்தவரிடமே கேட்கலாம், முப்பரிமாணப் பதிவு இருந்தால் மறுபடி படுக்காமலே பதில் கிடைக்கும். படங்களின் சிடியையும், பழைய அறுவைக் குறிப்புகளையும், முந்தைய ஸ்கேன்களையும் சர்ஜனிடம் ஒன்றாகக் கொடுங்கள். சீட்டன் நூல் ஏற்கெனவே போட்டிருந்தால் ஸ்கேனுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், நூல் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவதை வாயு என்று நினைத்துவிடலாம். அறுவைக்குப் பின் மறு ஸ்கேன் தேவைப்பட்டால் குறைந்தது 3 மாதம் பொறுங்கள். அதற்கு முன் ஆறும் திசுவும் நோயும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.